சனி கிறவல், ஞாயிறு தார்: ஒரே வாரவிறுதியில் இரண்டு சைக்கிளோட்டப் போட்டி

சனிக்கிழமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கிறவல் வீதியிலும் குளக்கட்டிலும் மவுண்டன் பைக் போட்டி, ஞாயிற்றுக்கிழமை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தார் வீதிப் போட்டி என்று இரண்டுக்கும் பெயர் கொடுப்பவர்களில் பலர், ஞாயிறு அன்று ஒரு மணித்தியாலம் ஓடியதும் தொடை இழுத்துப்பிடித்து ஒதுங்கிவிடுகிறார்கள். காலில் வலு இல்லாததல்ல காரணம். சனி மத்தியானத்திலிருந்து இரவு வரை பார்க்கவேண்டிய வேலைகளைப் பார்க்காமல் விட்டதுதான்.

எந்தப் போட்டியில் முழு உழைப்பையும் கொட்டுவது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீதி தட்டையானது. கூட்டத்துக்குள் ஒளிந்து ஓடினால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பு மிஞ்சும். கிறவலில் அப்படி ஒளிய இடமில்லை. கடைசி 200 மீற்றரில் பாய்ந்து வெல்லும் வேகம் உங்களிடம் இல்லையென்றால் சனிக்கிழமைக்கே செலவழியுங்கள், ஞாயிறு ஒளிந்து ஓடலாம்.

ஒரே சைக்கிளில் இரண்டையும் ஓடமுடியுமா? 29 அங்குல மவுண்டன் பைக்காக இருந்தால் முடியும். அதன் றிம்மும் வீதிச் சைக்கிளின் 700சி றிம்மும் ஒரே 622 மில்லிமீற்றர் விட்டம். சனி மாலை பூ ரயரைக் கழற்றிவிட்டு 700 × 35 அல்லது 38 வழவழப்பான ரயரை ரியூப்புடன் போடலாம். 26 அங்குலம் (559), 27.5 அங்குலம் (584) இரண்டுக்கும் இது பொருந்தாது. சிக்கல் கியரில்தான். முன் பல் 32, பின் பல் 11 என்றால் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் 34 கிலோமீற்றர் வேகம்தான் வரும். கூட்டம் 42இல் போகும்போது 110 சுற்று மிதிக்கவேண்டும், அதை நெடுநேரம் தாங்கமுடியாது. முன் பல்லை 36 ஆக்கினால் 90 சுற்றில் 38 வரும். அப்போது செயினின் நீளம் போதுமா என்று பின் பெரிய பல்லில் போட்டுப் பாருங்கள். பல போட்டிகளில் நேர் ஹாண்டிலுக்கு வீதிப் பிரிவில் இடமில்லை, விதிமுறைத் தாளை வாசித்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

இரண்டு சைக்கிள் இருந்தால், இரண்டுக்கும் மவுண்டன் பைக் பெடலையே போட்டு ஒரே சப்பாத்தில் ஓடலாம். பெடல் மாற்றும்போது இடப்பக்கத்துப் புரி தலைகீழ் என்பதை மறக்கவேண்டாம். சாவியை மேலே பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினால் இரண்டுமே கழரும். வாகனத்தில் ஏற்ற டிஸ்க் பிறேக் சக்கரத்தைக் கழற்றினால் பிறேக் பாட்களுக்கு நடுவே மட்டைத் துண்டொன்றைச் செருகுங்கள். வழியில் யாராவது லீவரை அமத்திவிட்டால் பாட்கள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது.

65 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்கு, 2.2 அங்குல ரயரில் ரியூப் இருந்தால் காற்றழுத்தம் 25 முதல் 28 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே போனால் கல்லில் றிம் இடித்து ரியூப்பில் பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். ரியூப்லெஸ் என்றால் 20 வரை இறக்கலாம், ஈச்ச முள்ளுக்கும் ரயருக்குள் ஊற்றும் சீலண்ட் (துளை அடைக்கும் திரவம்) கைகொடுக்கும். வீதிச் சைக்கிளின் 25 மில்லிமீற்றர் ரயருக்கு 80 முதல் 85 போதும். விடிய நிழலில் 85 அடித்து வெயிலில் சாத்திவைத்தால் 15 பாகை சூட்டில் 5 பிஎஸ்ஐ கூடிவிடும், ஆகவே ஓட்டம் தொடங்குமுன் இன்னொரு தடவை பாருங்கள்.

பாதையை முதல்நாள் பார்க்கப் போகிறவர்கள் உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் போகவேண்டாம். யானை நடமாடும் நேரம் அது. காலை எட்டு மணிக்குப் பிறகு இருவராகப் போங்கள்.

கிறவலில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு நேரே ஓடினால் புழுதியில் குழி தெரியாது. அரை மீற்றர் பக்கவாட்டில் விலகி ஓடுங்கள். மணல் வந்தால் அதற்குள் இறங்குமுன்னரே ஒரு கியர் இளக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து, ஒரே சீராக மிதியுங்கள். முன் பிறேக்கைத் தொட்டால் சக்கரம் புதைந்து ஆள் முன்னால் விழுவார். சக்கரம் நின்றுவிட்டால் மிதித்துப் போராடாமல் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வேகம்.

குடிக்க 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு மூன்றரை மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய்ப் புளி. அதில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு போத்தலும் ஒரு வாழைப்பழமும் போதும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிழலில் படுக்காமல் 15 நிமிடம் மெதுவாக மிதியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் வரை, மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். முதல் லீற்றர் ஜீவனியாக (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றக் கரைசல்) இருக்கட்டும், பிறகு செவ்விளநீர். வெறும் தண்ணீரை மொத்தமாகக் குடித்தால் அது சிறுநீராகப் போய்விடும், உப்பு உள்ளே திரும்பாது. சாப்பாட்டுக்கு, முதல் நான்கு மணித்தியாலமும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராம் மாச்சத்து என்பது கணக்கு. 100 கிராம் சோற்றில் இருப்பது 28 கிராம்தான். ஆகவே 65 கிலோ ஆளுக்கு ஒரு நேரச் சோறு காணாது. சோறு, இடியப்பம், வாழைப்பழம், சீனி போட்ட எருமைத் தயிர் என்று அடுத்தடுத்து உள்ளே போகவேண்டும். இரவு பருப்பையும் கீரையையும் குறையுங்கள், உறைப்பையும்தான். இல்லாவிட்டால் ஞாயிறு காலை வயிறு சொல்லும் கதை வேறாகிவிடும். தலை அடிபட்டு விழுந்திருந்தால், ஹெல்மட்டில் கீறல் மட்டும்தான் என்றாலும் ஞாயிறு ஓட்டம் வேண்டாம்.

சைக்கிளைக் கழுவும்போது பெரிங் பக்கம் அழுத்தத் தண்ணீர் பிடிக்காதீர்கள். ஒரே சைக்கிள்காரர் செயினில் உள்ள மணலைத் துடைத்து ஒயில் போடாவிட்டால் ஞாயிறு பாதி வழியில் கியர் துள்ளும்.

ஞாயிறு, தொடக்கத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னே சாப்பிட்டு முடியுங்கள். கால் கனமாக இருக்கும். 20 நிமிடம் மிதித்து, இடையே ஒரு நிமிட வேகப் பாய்ச்சல் இரண்டு வைத்தால் இளகிவிடும்.

ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும்போது இந்தக் கரையோர வீதியில் போட்டியைப் பிரிப்பது காற்றுதான். அக்கரைப்பற்றுப் பக்கமாகத் தெற்கே போகையில் காற்று வலப்பக்கம். முன்னால் இருப்பவர் வீதியின் நடுக்கோட்டை ஒட்டி ஓடுவார், மற்றவர்கள் இடப்பக்கம் சரிந்து விசிறிபோல் அடுக்குவார்கள். ஐந்தாறு பேருக்கு மேல் அந்த அகலத்தில் அடங்காது. மிஞ்சியவர்கள் வீதியோரத்தில் ஒற்றை வரிசையாகக் காற்றை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், அந்த வரிசைதான் அறுபடும். ஆகவே காரைதீவு, நிந்தவூர் போன்ற கட்டடங்கள் நெருங்கிய ஊர்களைத் தாண்டி வெளியை அடையுமுன், முதல் ஆறு பேருக்குள் நின்றுகொள்ளுங்கள். சனியில் களைத்த காலுக்கு இது கட்டாயம், விட்ட இடைவெளியைத் தனியாகப் பிடிக்கும் வலு அன்று இராது. வடக்கே திரும்பி வரும்போது ஒழுங்கு மாறும்: முன்னவர் இடது ஓரத்தில், மற்றவர்கள் வலப்பக்கம். வீதி மூடப்படாத போட்டியில் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள், எதிரே பஸ் வரும். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் காயப்போட்ட நெல்லும் மணலளவுக்கு வழுக்கும். அதில் பிறேக் பிடிக்காமல் நேரே கடந்துவிடுங்கள்.