வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயமும் பூண்டுத் தாளும்: முதன்முறை நடுபவர்களுக்கான செய்முறை

சமவெளியில் வசிப்பவர்கள் வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே விதமான பயிராக எண்ணி நடுவதால்தான் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள். சின்ன வெங்காயம் சென்னையிலும் மதுரையிலும் மொட்டைமாடியிலேயே நன்றாகக் காய் பிடிக்கும். பூண்டில் பல் பிரிவதற்கோ சில வாரங்கள் நீடித்த குளிர் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலையூர்களில் விளைவது அதனால்தான். எனவே வெங்காயத்தைக் காய்க்காகவும் பூண்டைத் தாளுக்காகவும் வளர்ப்பதே நமக்கு ஏற்ற வழி.

முதல் வேலை விதைக்காயைத் தேர்ந்தெடுப்பது. நிலத்திலிருந்து புதிதாக எடுத்த வெங்காயம் சில வாரங்கள் உறக்கநிலையில் இருக்கும். அதை உடனே நட்டால் முளைப்பு சீராக இராது, ஈரத்தில் அழுகவும் செய்யும். பெரம்பலூர்ப் பகுதி விவசாயிகள் பட்டறை எனப்படும் காற்றோட்டமான சேமிப்பு அமைப்புகளில் வெங்காயத்தை இருப்பு வைத்துப் பிறகு விதைக்கு எடுப்பதைப் போல, நாமும் இரண்டு மாதமாவது காய்ந்த, தோல் சலசலக்கும், நடுத்தர அளவுள்ள, கெட்டியான காய்களையே எடுக்க வேண்டும். அடிப்பகுதியை விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் அந்தக் காயைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் ஒரு அழுகல் காய் பெட்டி முழுவதற்கும் நோயைக் கொண்டுவரும். நடுவதற்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில், கிலோவுக்கு 4 கிராம் என்ற அளவில் புரட்டிக்கொள்வது அடியழுகலைக் குறைக்கும்.

வெங்காயத்தின் வேர் ஆழமாக இறங்காது, 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டியோ வளர்ப்புப் பையோ போதும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, இவற்றோடு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்த்துக் கலக்க வேண்டும். பெட்டியின் அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் நடுவது மாடித் தோட்டத்துக்குப் பாதுகாப்பானது. நான் முதன்முறை ஐப்பசி மழைக்கு நடுவே நட்டு, ஒரு காய்கூடத் தேறாமல் இழந்த அனுபவத்திலிருந்தே இதை வலியுறுத்துகிறேன். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியில், 10 செ.மீ. இடைவெளியில் 18 காய்களை நடலாம். வேர்ப்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, கழுத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி அழுத்தினால் போதும். ஒரு வாரத்தில் பச்சை நுனிகள் எழும்பிவிடும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் கிடைக்க வேண்டும்.

இனி எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே காலையில் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே தாளின் நுனி மஞ்சளாகிச் செடி துவண்டால், அது தாகமன்று, அடியழுகலின் அறிகுறி. அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு நீரைக் குறைக்க வேண்டும். தாளில் வெள்ளிக்கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டதென்று பொருள். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். முப்பதாம் நாள் வாக்கில் களை எடுத்து, மக்கிய உரம் இட்டு, இலேசாக மண் அணைத்துவிடுங்கள்.

பூண்டுக்குத் தனிப் பெட்டி வைப்பது நல்லது. முழுப் பூண்டைப் பல்லாகப் பிரித்து, தோலை உரிக்காமல், கூர்முனை மேல்நோக்கி இருக்க 3 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். தாளுக்காக மட்டுமே வளர்ப்பதால் 5 செ.மீ. இடைவெளி போதுமானது. தாள் ஒரு சாண் உயரம் வந்ததும் அடியில் நான்கு விரற்கடை விட்டு நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும். இரண்டு மூன்று முறை அறுக்கலாம். ரசத்தில் கடைசியாகத் தூவிப் பாருங்கள், அந்த மணம் உரித்த பூண்டில் கிடைக்காது.

வெங்காயம் ஏறக்குறைய 70 நாளில் முற்றும். பாதித் தாள்கள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கியதும் நீரை அறவே நிறுத்தி, ஒரு வாரம் கழித்துத் தாளோடு பிடுங்குங்கள். ஒரு காய் ஐந்து முதல் எட்டுக் காய்கள் கொண்ட கொத்தாகப் பெருகியிருக்கும். அவற்றைக் கழுவாமல், நிழலில் காற்றுப்படப் பரப்பிக் கழுத்து முழுவதும் காயும்வரை உலர்த்துங்கள். சமையலுக்கு எடுப்பதற்கு முன்பே, ஒரே அளவிலான கெட்டிக் காய்கள் இருபதைத் தாளோடு முடிந்து, மழைச்சாரல் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்; அடுத்த நடவுக்கு விதைக்காய் அதுவே.