பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சிலை: தோட்டப்புற ஊரில் நிறுவுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவருக்குச் சிலை வைத்தால், அதை முதலில் சோதிப்பவர் நகராண்மைக் கழக அதிகாரி அல்ல. ஆயுளில் பாதியைத் தோட்டத்து மரநிரையில் கழித்துவிட்டு இப்போது சந்தைக்குக் காய் வாங்க வரும் பாட்டிதான். பட்டையில் வெட்டிய கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, கத்தி எப்படிப் பிடித்திருக்கிறது, பால் சேரும் மங்கு எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வார். எல்பில், ஹேவூட், டோவன்பி தோட்டத்து மக்கள் நடமாடும் ஊரில் தொழில் தவறிய சிலையை வைப்பது அவர்களுக்கு மரியாதை ஆகாது. அதனால் சிமெண்டைப் பற்றிப் பேசும் முன் வெட்டைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மரத்துக்கு எதிரே நின்றால் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே வலமாகச் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களைத் திறக்கும். ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தில் சாய்வு ஏறக்குறைய 30 பாகை. கோடு மரத்தின் பாதிச் சுற்றளவுக்குத்தான் ஓடும், முழுதாகச் சுற்றாது. தாழ்ந்த முனையிலிருந்து சிறு செங்குத்துக் கோடு, அதன் அடியில் பாலை வழியவிடும் பீலி, அதற்குக் கீழே மங்கு. சிற்பிக்கு அனுப்பும் படம் கைப்பேசியில் இடவலம் திரும்பிவிட்டால் இவ்வளவும் தலைகீழாகும். அடிக்கடி நடக்கும் பிழை இது. அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் உயர்ந்த முனைக்கு அருகே 'இடம்' என்று எழுதிவிடுங்கள்.

அடுத்த பிழை பட்டையில் நேர்கிறது. வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வரும். ஆகவே வெட்டி முடித்த, சொரசொரப்புக் குறைந்த பரப்பு கோட்டுக்கு மேலேதான் இருக்கும். கீழே இருப்பது கத்தி படாத பட்டை. பல சிற்பங்களில் மரம் முழுக்க ஒரே சொரசொரப்பாக இருக்கும், நடுவில் ஒரு கீறல் மட்டும் தெரியும். இருபுறமும் மீன்முள் போலக் கிளைத்த கோடுகள் தொடக்க காலத்து முறை. 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி செய்த ஆய்வுகளில் வளர்ந்தது. உங்கள் சிலை 1950, 60-களின் தொழிலாளியைக் காட்டுவதென்றால் மீன்முள் கோடு வேண்டாம்.

நேரத்தையும் கலக்காதீர்கள். பால் நன்றாக ஓடுவது விடியலுக்கு முன். மரத்துக்குள் நீரழுத்தம் அப்போதுதான் அதிகம். தலையில் விளக்குக் கட்டியவர் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் மங்கில் பால் இப்போதுதான் சொட்டத் தொடங்கியிருக்கும். மங்கு நிறைவது சில மணி நேரம் கழித்து. தோளில் சுமக்கும் காண்டாக்கட்டையில் வாளி தொங்குவது அதற்கும் பிறகு, பால் எடுக்கும் வேளையில். எரியும் விளக்கு, நிறைந்த மங்கு, தோளில் காண்டா மூன்றையும் ஓர் உருவத்தில் திணித்தால் ஒன்றும் உண்மையாக நிற்காது. ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். வெட்டும் வேளையே நல்லது என்பது எங்கள் கருத்து. தொழிலின் நுட்பம் முழுதும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

நிலையைப் பிடிக்க, வெட்டிப் பழகிய மூத்தவர் ஒருவரை உண்மையான மரத்தடியில் நிறுத்தி எட்டுப் பக்கமிருந்தும் படம் எடுங்கள். படம் எடுப்பவர் தரையில் உட்கார்ந்து ஒரு சுற்று, நின்று ஒரு சுற்று எடுக்கட்டும். இங்கே பரவலாகப் புழங்கிய ஜெபோங் கத்தி இழுத்து வெட்டுவது. தள்ளி வெட்டும் உளியைப் போல உருவத்தை முன்னுக்குச் சாய்த்துவிடக் கூடாது. களிமண் மாதிரி தயாரானதும் அதே மூத்தவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகே அச்சு எடுக்க வேண்டும்.

உயரம், பீடம்

பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அதற்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் கம்பியும் ஆயின. தூரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் தெய்வத்துக்கு அந்த அளவு பொருந்தும். தொழிலாளி சிலையைப் பார்ப்பவர் இரண்டு முழத் தூரத்தில் நிற்பார். திறந்தவெளியில் ஆள் அளவுச் சிலை சிறுத்துத் தெரியும் என்பதால் ஆளைவிடக் கால் பங்கு பெரிதாக, ஏறக்குறைய 2 மீட்டரில் செய்யுங்கள். பீடம் ஒன்றரை அடி போதும். ஐந்தடிப் பீடத்தில் ஏற்றினால் பிள்ளைகளுக்குக் கோடும் தெரியாது, கத்தியும் தெரியாது.

நம் ஊர் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும். தலைத்துண்டின் நிழலில் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். கண்குழியை இயல்பைவிட ஆழம் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். காலைச் சந்தை கூடும் இடமென்றால் முகம் கிழக்கே பார்க்கட்டும்.

பொருள்

வெண்கலம் நெடுங்காலம் நிற்கும், ஆனால் செலவு அதிகம், திருட்டுப் பயமும் உண்டு. கண்ணாடியிழை (ஃபைபர் கிளாஸ்) மலிவு. வெயிலில் சில ஆண்டுகளில் வெளுத்து மாவு உதிரும். ஊர்க் குழுவின் பணத்துக்கு ஏற்றது கம்பிவலைச் சிமெண்ட்தான். 10 மி.மீ. கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் 6 மி.மீ. கம்பி, அதன்மேல் நாலு அடுக்குக் கோழிவலை. எடையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு கழுவிய ஆற்றுமணல். தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.4 பங்கு. பூச்சு 25 முதல் 30 மி.மீ. கனம். தண்ணீர் கூடினால் பூசுவது சுலபம், பிறகு வெடிப்பதும் சுலபம். கம்பி மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் மழை ஊறித் துருப்பிடிக்கும். துரு பருத்துப் பூச்சைத் தள்ளிவிடும். பூசி முடித்ததும் ஈரச் சாக்கால் மூடி 14 நாள் நனையவையுங்கள்.

வெளிச்சாயத்தைவிடக் கலவையிலேயே இரும்பு ஆக்சைடு நிறப்பொடி சேர்ப்பது நல்லது. சிமெண்ட் எடையில் 5 விழுக்காடு போதும். சாயம்தான் வேண்டுமென்றால் 28 நாள் பொறுங்கள், காரம் தாங்கும் அடிப்பூச்சு கொடுங்கள். திறப்பு விழாத் தேதிக்காக இரண்டாவது வாரத்திலேயே சாயம் அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அது தோல் தோலாக உரியும்.

சிலை உடைவது பெரும்பாலும் கணுக்காலில்தான். இந்தச் சிலைக்கு மரம் துணையிருக்கிறது. சாரோங் மடிப்புக்குள் மறைத்து, முழங்கால் உயரத்தில் உருவத்தின் கம்பியை மரத்தின் கம்பியோடு இணைத்துவிடுங்கள். மூன்றாவது காலாக அது தாங்கும். கத்தியை 316 வகைத் துருவா எஃகில் செய்து தோள்வரை உள்ளே ஓடும் கம்பியோடு சேர்க்க வேண்டும், விளிம்பை 3 மி.மீ. கனத்தில் மழுக்க வேண்டும். பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று எண்ணியே செய்யுங்கள்.

மங்கில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம், அபராதம் குழுவின் தலையில் விழும். மங்கின் அடியில் 12 மி.மீ. துளையிட்டு மரத்தின் பக்கமாக வடியவிடுங்கள். வாளி வைத்தால் அதை வாய்வரை அடைத்து, மேற்பரப்பைச் சற்றுக் குவிந்ததாக முடியுங்கள். சிலையின் உள்கூட்டிலும் அடியில் இரண்டு வடிதுளை அவசியம்.

இடம், அனுமதி, அடித்தளம்

சுற்றுச்சாலை நடுவில் இடம் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். யாரும் நடந்துபோய்ப் பார்க்க முடியாத இடம் அது. பேருந்து நிலைய முன்புறம், சந்தைத் திடல், பழைய தமிழ்ப்பள்ளி வாசல் ஆகியவை நல்லவை. முதலில் நில அலுவலகத்தில் நிலம் யாருடையது என்று பாருங்கள். சாலை ஒதுக்கு நிலமாக இருந்தால் பொதுப்பணி இலாகாவின் ஒப்புதலும் வேண்டும். சுங்கை சிப்புட் என்றால் விண்ணப்பம் போவது கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு. இட வரைபடம், நான்கு பக்கத் தோற்றம், பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட அடித்தள வரைபடம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

மனித உருவச் சிலைக்கு முஸ்லிம் அண்டையாரிடமிருந்து தயக்கம் வரலாம். விண்ணப்பத்துக்கு முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். முழு உருவம் ஒத்துவராவிட்டால் சுவர்ப் புடைப்புச் சிற்பம், எஃகுத் தகட்டில் வெட்டிய நிழலுருவம், அல்லது ஆளில்லாமல் மரமும் மங்கும் கத்தியும் என்று வழிகள் உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுன் தெருச் சுவர்களில் 52 இரும்புக் கம்பிச் சித்திரங்கள் இருக்கின்றன. அடித்தளமே தேவைப்படாத முறை அது.

முதலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக் குழி தோண்டுங்கள். செம்மண்ணாக இருந்தால் 1.5 மீட்டர் சதுரம், 300 மி.மீ. கனத்தில் அடித்தளம் பெரும்பாலும் போதும். கான்கிரீட் ஏறக்குறைய 0.7 கன மீட்டர் பிடிக்கும். 12 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் இரு திசையிலும் கட்டி, கம்பியை மூடும் கான்கிரீட் 50 மி.மீ. இருக்கும்படி விடுங்கள். ஆற்றோரக் களியோ பழைய ஈயக்குட்டை மண்ணோ தட்டுப்பட்டால் இந்தக் கணக்கு செல்லாது, பொறியாளர் சொல்வதே கணக்கு. நங்கூர ஆணிகளை, சிலையின் அடித்துளைகளுக்கு ஒப்ப அளந்த ஒட்டுப்பலகையில் துளையிட்டு நிறுத்தியபின் கான்கிரீட் ஊற்றுங்கள். கண்ணளவில் நிறுத்தினால் சிலை வந்த அன்று துளைகள் பொருந்தாது.

கல்வெட்டு

மலாய் மொழி முதலில், பெரிதாக வரவேண்டும். தமிழ் எழுத்து 25 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், 3 மி.மீ. ஆழத்தில் கருங்கல்லில் வெட்டட்டும். கல் வெட்டும் கடையின் மென்பொருளில் ஒருங்குறித் தமிழ் அடிக்கடி சிதறும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' இரண்டாகப் பிரியும். எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிய கோப்பைக் கொடுங்கள், உண்மை அளவில் தாளில் அச்சிட்டுத் தமிழாசிரியர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

நன்கொடையாளர் பெயர்களுக்குத் தனிப் பலகை போதும். முதன்மைக் கல்லில் சுற்றுவட்டத் தோட்டங்களின் பெயர்கள் வரட்டும். கம்பெனி வைத்த பெயரோடு மக்கள் வழங்கிய பெயரும் சேர்ந்து. சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கியதும் இரண்டு வரியில் அங்கே இடம்பெறத் தக்கவை.

மாலை போடாமல் நம்மவர் இருக்க மாட்டார்கள். மரத்தின் பின்புறம் தோள் உயரத்தில் எஃகுக் கொக்கி ஒன்று வையுங்கள். இல்லையேல் சிலைமேல் ஏறுவார்கள். வாடிய மாலை மறுநாளே இறங்க வேண்டும், பூச்சாறு சிமெண்டில் கறையாக ஊறும். ஆண்டுக்கு இருமுறை மென்தூரிகையும் லேசான சோப்புநீரும் கொண்டு பாசியைக் கழுவுங்கள். உயரழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சி பூச்சின் மேல்தோலை எடுத்துவிடும், அதை அண்டவிடாதீர்கள். இந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே நகராண்மைக் கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், திரட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் இதற்கென்று வங்கியில் போட்டுவையுங்கள்.