சிரட்டைக் கரியில் அமில ஊக்கி: வடைக்கடை எண்ணெய் பயோடீசலான கதை

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது பிடித்த யோசனை இது. கல்முனையில் வடை, ரோல்ஸ் பொரிக்கும் நானா ஒருவர் கறுத்த எண்ணெயைக் கலனில் சேர்த்து வைத்திருப்பார். அதைப் பயோடீசலாக்கலாம் (எண்ணெயிலிருந்து செய்யும் டீசல்) என்று வாங்கி, மெதனோலும் சோடியம் ஐதரொட்சைட்டும் போட்டுக் கலக்கினேன். கிடைத்தது ஒரு போத்தல் சவர்க்காரக் கூழ். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் கொழுப்பமிலம் கூடிப்போகும். சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரம் போய் அதைத்தான் முதலில் பிடித்துச் சவர்க்காரமாக்கும். ஆகவே முதலில் அந்த அமிலத்தை மெதனோலோடு சேர்த்து எசுத்தராக்க வேண்டும் (பயோடீசலும் எசுத்தர்தான்). அதற்கு ஊக்கியாக, அதாவது தாக்கத்தை விரைவாக்கும் பொருளாக, சல்பூரிக்கமிலத்தை நேரே ஊற்றினாலும் நடக்கும், ஆனால் திரும்ப எடுக்க ஏலாது. கரியோடு பிணைந்த அமிலம் என்றால் வடித்தெடுத்து மறுபடி பாவிக்கலாம். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சீனியைக் கரித்து இப்படி ஓர் ஊக்கி செய்து காட்டினார்கள். நம்மிடம் சிரட்டை இருக்கிறது.

குசினியில் செய்யவேண்டாம். நான் செய்தது நண்பரின் ஆய்வுகூடத்தில், புகைபோக்கி அறைக்குள், கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான்.

சிரட்டையைத் தும்பு போகச் சுரண்டி, இடித்து, காற்றுப் புகாமல் 400 பாகை செல்சியஸில் சில மணி நேரம் கரிக்கவேண்டும். அரைகுறைக் கரிதான் வேண்டும். அயன் பெட்டிக்குப் போடும் கரி நன்றாக வெந்தது, அதில் சல்போனிக் கூட்டம் (கரியோடு பிணையும் அமிலப் பகுதி) ஏற இடம் குறைவு. பிறகு 10 கிராம் கரிக்கு 100 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக்கமிலம், 150 பாகையில் 15 மணி நேரம். நன்றாக ஆறியதும் கலவையைக் குளிர்ந்த நீருக்குள் மெதுவாக ஊற்றுங்கள். நீரை அமிலத்துக்குள் ஊற்றிவிடாதீர்கள்.

பிறகு கரியை வடித்து, ஒட்டியிருக்கும் அமிலம் போகக் கழுவவேண்டும். அந்த இடத்தில்தான் நான் இரண்டு முறை விழுந்தேன்.

முதல் முறை நாலு தரம் அலசிவிட்டு நிறுத்தினேன். முதல் தொகுதி எண்ணெய் அருமையாக வந்தது, இரண்டாம் தொகுதியில் ஊக்கி செத்துப்போனது. வேலை செய்தது கரியோடு பிணைந்த அமிலமல்ல, கரியில் சும்மா தேங்கி நின்ற அமிலம். அது எண்ணெயோடு போய்விட்டது.

சரி என்று அடுத்த முறை கிணற்றுத் தண்ணீரில் மணிக்கணக்காகக் கழுவினேன். அமிலத்தின் சல்பேற்று மிச்சமிருந்தால் பேரியம் குளோரைட்டு கலங்கிக் காட்டும். வடிநீரில் அதை இரண்டு துளி விட்டால் ஒவ்வொரு முறையும் பால்போல் கலங்கியது. கடைசியில் கழுவாத வெறும் கிணற்று நீரில் விட்டுப் பார்த்தேன், அதுவும் கலங்கியது! கடற்கரைக் கிணறு, நீரிலேயே சல்பேற்று. அதைவிட மோசம், உப்பிலுள்ள சோடியம் கரியிலிருந்த ஐதரசனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அது அமிலமே இல்லை. காய்ச்சி வடித்த நீரை 80 பாகைக்கு மேல் சூடாக்கி, வடிநீர் தெளிவாக நிற்கும்வரை கழுவுங்கள். 105 பாகையில் இரவு முழுக்க உலர்த்துங்கள். பேரியம் குளோரைட்டு நஞ்சு, கையுறை கழற்றவேண்டாம்.

இனி எண்ணெய். வடித்து, 110 பாகையில் படபடப்பு அடங்கும்வரை சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள். நீர் இருந்தால் எசுத்தராக்கல் பின்னுக்குத் திரும்பும். ஆறியபின் 100 கிராம் எண்ணெய், 30 மில்லிலீற்றர் மெதனோல், 5 கிராம் ஊக்கி. மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும், எனவே மேலே ஒடுக்கி (ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்கும் குழாய்) பொருத்தி 60 பாகையில் ஐந்தாறு மணி நேரம் கலக்கவேண்டும். தீச்சுவாலை பக்கத்தில் இருக்கக்கூடாது. காந்தக் கலக்கியை நான் விரும்புவதில்லை. கரியை அரைத்து மாவாக்கி வடிதாளை அடைக்கிறது. மேலிருந்து சுழலும் துடுப்பே நல்லது.

ஊக்கியை வடித்தெடுத்து, மேலே மிதக்கும் மெதனோல்-நீர்ப் படையைப் பிரித்தபின், அமிலப் பெறுமானம் (ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, மில்லிகிராமில்) 2க்குக் கீழே வந்ததா என்று நியமித்துப் பாருங்கள், அதாவது காரத்தை அளந்து துளித்துளியாக விட்டுப் பாருங்கள். வந்திருந்தால் வழமையான காரமுறைதான்: கிளிசரோல் அடியில் தங்கும், மேலே பயோடீசல்.

பிற்சேர்க்கை: சம்மாந்துறைத் தம்பி ஒருவர் சிரட்டைக்குப் பதில் மில் உமி சரிவருமா என்று கேட்டார். வரும், ஆனால் உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. கரி குறைவாக இருப்பதால் 5 கிராமுக்குப் பதில் 7, 8 கிராம் போட்டுப் பாருங்கள் தம்பி. கழுவுவதற்கு மட்டும் கிணற்றுப் பக்கம் போகவேண்டாம்.