முதல்முறை கார் டயர் மாற்றுகிறவர்களுக்கு: பிடிப்பு, சத்தம், தேய்மானம்

டயர் கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்?" நானும் அதை மட்டும் கேட்டுத்தான் என் முதல் செட்டை வாங்கினேன். நன்றாகவே உழைத்தது. ஆனால் ஒரு ஐப்பசி மழையில், திண்டிவனம் பக்கம், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடக்க, வண்டி வழுக்கிக்கொண்டே போய் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஈரத்தில் பிடிப்புதான் முதலில். சத்தம் அடுத்து, தேய்மானம் கடைசி.

1. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கார் கையேட்டிலோ அளவு இருக்கும். உதாரணம்: 185/65 ஆர்15 88எச். அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளிழைகள் நேர்குறுக்காக ஓடும் வகை; ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். கடைசி எண்ணும் எழுத்தும் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது.

"ஒரு சைஸ் அகலமா போடுங்க சார், லுக்கா இருக்கும்" என்பார்கள். முதல்முறை வாங்குகிறவர் அந்தப் பேச்சுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அகலம் கூடினால் தேங்கிய நீரில் டயர் மிதப்பதும் சுலபம், சத்தமும் கூடும்.

2. பிடிப்பு

ரோடு பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. மிருதுவான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. கெட்டி ரப்பர் மேலோடு நகர்ந்துவிடும்; ஆனால் மெதுவாகத் தேயும். அதிகம் ஓடும் டயர் மழையில் ஏமாற்றுவது பெரும்பாலும் இதனால்தான். ரப்பரில் சிலிகா என்னும் நுண்பொடி கலந்தால் ஈரப்பிடிப்பு கூடும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும். ஆகவே சிலிகா கலவையா என்று கேளுங்கள்.

அடுத்து பட்டனைப் பாருங்கள். சுற்றிவர ஓடும் நேர் பள்ளங்கள் மூன்று நான்காவது அகலமாக இருக்க வேண்டும். சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரை வெளியேற்றுவது அவைதான். சில டயர்களின் பக்கச்சுவரில் 'டிராக்‌ஷன்' என்று ஒரு தரம் பொறித்திருப்பார்கள். ஏஏ உயர்ந்தது, பிறகு ஏ, பி, சி. அது ஈரத்தில் நேராக பிரேக் போட்டு அளந்த தரம் மட்டுமே. வளைவில் எப்படி என்று அது சொல்லாது.

3. சத்தம்

பட்டன் கட்டைகள் ரோட்டில் அடிபடுவதும், பள்ளங்களில் காற்று அமுங்கி வெளியேறுவதும்தான் நாம் கேட்கும் இரைச்சல். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் நல்ல டயரில் கட்டைகளின் நீளத்தை மாற்றி மாற்றி வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கரடுமுரடான பெரிய கட்டை டயர் காட்டுப் பாதைக்கானது, தினமும் ஊருக்குள் ஓட்ட வேண்டாம். கான்கிரீட் ரோட்டில் எந்த டயரும் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடும், அதற்காக டயரைக் குறை சொல்லாதீர்கள்.

4. தேய்மானம்

புதிய டயரைத் தேடும் முன், கழற்றிய பழைய டயரைப் படியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுள்ள டயர் போட்டாலும் அதே கதிதான்.

'டிரெட்வேர்' என்று 300, 400, 500 போன்ற எண் இருந்தால், பெரிய எண் அதிக உழைப்பைக் குறிக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனையை வைத்துக் கொடுக்கும் எண் அது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

பள்ளங்களுக்குள் குட்டி ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மி.மீ.தான், சட்டப்படி அதுவே எல்லை. மழைக்காலத்துக்கு முன் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

5. கடையில்

பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம் என்று பக்கத்திலேயே ஆலைகள் இருக்க, இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த டயரை ஏன் வாங்க வேண்டும்? நான்கு டயரின் தேதியையும் மாட்டும் முன் நீங்களே பாருங்கள், பில்லில் எண்களை எழுதி வாங்குங்கள்.

டியூப்லெஸ் என்றால் வால்வும் புதிதாக இருக்கட்டும். பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது), அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடியுங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால், முன்சக்கர இழுவை கார் என்றாலும், புதியவை பின்னால்தான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்; பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். "புதுசை முன்னாடி போடுறேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புது ரப்பரின் மேல் வழுவழுப்பு போகும்வரை, முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். அதன்பின் மாதம் இருமுறை காலையில், வண்டியை எடுக்கும் முன், காற்றழுத்தம் பாருங்கள். சித்திரை வெயிலில் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அப்போது காற்றை இறக்க வேண்டாம்.