பாதிப் பேருக்கு மட்டும் நெட் இல்லை

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பாதிப் பேருக்கு நெட் இல்லை. பதற்றத்தில், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை அணைத்துப் போட்டேன். (எல்லாரும் முதலில் செய்வது அதுதானே!) பலனில்லை.

சீனியர் அண்ணன், "தம்பி, முதல்ல ஐபியைப் பாருங்க" என்றார். ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கணினிக்குத் தரப்படும் முகவரி எண். எங்கள் முகவரிகள் 10 என்று தொடங்கும். நெட் கிடைக்காத கணினிகளில் 192.168.0 என்று தொடங்கியது. அப்படியானால் கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் இன்னொன்று எங்கோ இருக்கிறது! எது முதலில் பதில் தருகிறதோ, கணினி பெரும்பாலும் அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பாதிப் பேர்.

அந்தக் கணினிகள் கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வழியாக, எடுத்துக்கொண்ட கருவியின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் பட்டியல்) எடுத்து, அது சுவிட்சில் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தேடினோம். கூட்ட அறை மேசைக்கடியில் யாரோ செருகிய வீட்டு ரௌட்டர். பிடுங்கிவிட்டு ஐபியைப் புதுப்பித்ததும் சரியானது. அப்புறம் இப்படி அனுமதியில்லாத டிஹெச்சிபி சர்வர்களின் பதிலைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கையும் சுவிட்சில் போட்டுவிட்டோம்.