பிரெஞ்சு எழுத்துக்குப் பதில் வேறு மென்பொருள் திறந்தால்

புதுச்சேரியில் பழைய பிறப்புப் பதிவுகளின் பிரெஞ்சுப் படிகளைத் தட்டச்சு செய்பவர்களுக்கு, தலையில் சாய்கோடு இட்ட 'ஈ' எழுத்து (é) அடிக்கடி தேவைப்படும்; அந்தக் கோடு விடுபட்டால் ஒருவருடைய பெயரே பிழையாகிவிடும். யுஎஸ் இன்டர்நேஷனல் விசைப்பலகை அமைப்பில், வலப்பக்க ஆல்ட்டை அழுத்தியபடி 'ஈ' விசையைத் தட்டினால் அவ்வெழுத்து வர வேண்டும். எனக்கு ஒருநாள் எழுத்து வரவில்லை, கணக்கு மென்பொருள் திறந்தது.

இந்த அமைப்பில் வலப்பக்க ஆல்ட்டை, கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் ஐகான்களுக்கு நாம் கொடுக்கும் ஷார்ட்கட்டும் பெரும்பாலும் அதே இணையோடு ஓர் எழுத்தாகவே அமைவதால், இரண்டும் மோதுகின்றன.

அந்த ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'ஷார்ட்கட் கீ' என்ற கட்டத்தில் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸ் அழுத்தி, ஓகே கொடுங்கள். மோதல் வேர்டுக்குள் இருந்தால், ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் பக்கத்தின் அடியிலுள்ள கீபோர்டு ஷார்ட்கட் பட்டனுக்குள் சென்று அதை நீக்கலாம்.

அவசரத்துக்கு, நம்பர் லாக் (Num Lock) விளக்கு எரியும்போது இடப்பக்க ஆல்ட்டை அழுத்தியபடி வலப்புற எண்பலகையில் 0233 தட்டுங்கள். வாலுள்ள 'சி' எழுத்துக்கு (ç) 0231.