டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா, டேப்லெட்டா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் தேர்வில் சறுக்கினால் எப்படியோ சமாளித்துவிடலாம். கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் வேலை நடக்கும். வகையையே தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் சமாளிக்க வழி கிடையாது. டேப்லெட்டில் ஓடாத மென்பொருள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டேப்லெட்டிலும் ஓடாது. ஆனாலும் பலர் வகையை நொடியில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் இருக்கும் மாடல்களை ஒப்பிடுவதில் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியை முதல் முடிவுக்குக் கொடுத்தால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

மென்பொருளைப் பார்க்காமல் கருவியைப் பார்ப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். தினமும் எதையெல்லாம் திறக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். கணக்கு வேலை பார்க்கும் ஒருவர், டேப்லெட்டிலும் எக்செல் இருக்கிறதே என்று நம்பி, கீபோர்டோடு நல்ல டேப்லெட்டாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகக் கோப்பு திறக்கிறது. எண்கள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன. மாதக் கணக்கைத் தொகுக்க அதில் ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது மேக்ரோ, அதாவது பல வேலைகளை வரிசையாகத் தானே செய்து முடிக்கும் சிறு நிரல். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ள எக்செல்லில், விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதிய இந்த மேக்ரோக்கள் ஓடாது. செயலியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வசதிகள் வேறு.

ஆன்லைன் தேர்வுகளிலும் இதே கதைதான். தேர்வு எழுதுபவரைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பல விண்டோஸ், மேக் கணினிகளை மட்டுமே ஏற்கும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன், கடையில் பில் போடும் மென்பொருள், பொறியியல் வரைபட மென்பொருள் என்று இன்னும் நிறைய இருக்கின்றன. வாங்கும் முன் ஒவ்வொன்றையும் அதன் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

லேப்டாப் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் பொருத்திய விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அந்தச் சிப் ஆர்ம் வகை, போன்களில் இருப்பது போல. வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து அதன் அமைப்பே வேறு. வழக்கமான மென்பொருள்களில் பெரும்பாலானவை அதில் ஓடிவிடும். பழைய பிரிண்டர், ஸ்கேனர்களைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் தகராறு செய்யும். ஆர்முக்கென்று டிரைவர் எழுதப்பட்டிருக்காவிட்டால், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கேனர் அந்த லேப்டாப்பில் சும்மா கிடக்கும்.

இதனால் டேப்லெட் மட்டம் என்று ஆகிவிடாது. படிக்க, வரைய, பிடிஎஃப் மேலே கையால் குறிப்பெழுத, படுத்துக்கொண்டே பாடம் பார்க்க அதற்கு இணை எதுவுமில்லை. ஒரே கணினியாக அதை நம்பும்போதுதான் இடறுகிறது. விலையைக் கணக்கிடும்போது கீபோர்டையும் பேனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் இரண்டும் தனி விலை. மூன்றையும் கூட்டினால் தொகை நல்ல லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் படம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வைட்வைன் எல்1 சான்று உண்டா என்று கேளுங்கள். வைட்வைன் என்பது படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் கூகுளின் தொழில்நுட்பம், எல்1 அதன் உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை. எல்3 மட்டும் இருந்தால், திரை எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் எச்டி தரத்தில் காட்டாது.

"எதற்கும் இருக்கட்டும்" என்று லேப்டாப் வாங்குவது

ஏற்கெனவே லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போன மாதம் அது எத்தனை முறை வீட்டை விட்டு வெளியே போனது? எப்போதும் ஒரே மேசையில், சார்ஜரோடு கிடக்கிறது என்றால், நீங்கள் பயன்படுத்துவது டெஸ்க்டாப்தான், லேப்டாப் விலை கொடுத்து.

அந்த விலையில் என்ன போகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் அது. 13ஆம் தலைமுறை இன்டெல் கோர் ஐ7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்களில் வரும் 1355யு சிப்பில் 10 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), அடிப்படை மின்சாரம் 15 வாட். டெஸ்க்டாப்பில் வரும் 13700 சிப்பில் 16 கோர்கள், 65 வாட். இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது ஐ7 ஸ்டிக்கர்தான். கிராஃபிக்ஸ் கார்டிலும் அப்படியே. ஆர்டிஎக்ஸ் 4070 டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி நினைவகம், லேப்டாப் வடிவத்தில் 8 ஜிபி. லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு எத்தனை வாட் விடுகிறார் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். மெல்லிய உடலுக்குள் சூட்டை வெளியேற்ற இடம் குறைவு. வீடியோ எடிட்டிங் மாதிரி தொடர்ந்து ஓடும் வேலையில், சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கழுத்தையும் மறக்க வேண்டாம். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தலை குனிய வேண்டும், கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நாள் முழுக்க அதில் வேலை என்றால் ஒரு ஸ்டாண்டும் தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கியே ஆக வேண்டும். கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ தினமும் தூக்கிச் செல்பவர்களுக்கு லேப்டாப்தான் சரி, அதில் சந்தேகமில்லை. அப்போது எடையைப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். கேமிங் லேப்டாப்களின் சார்ஜரே கையில் கனக்கும்.

பெட்டி விலையை மட்டும் பார்ப்பது

டெஸ்க்டாப் மலிவு என்று சொல்பவர்கள் சிபியு பெட்டியின் விலையைத்தான் சொல்கிறார்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வெப்கேம், ஸ்பீக்கர் எல்லாம் தனி. மின்சாரம் போய் வரும் இடமென்றால் யுபிஎஸ் வேண்டும். லேப்டாப்பில் அந்த வேலையை பேட்டரியே பார்த்துவிடும். பல மதர்போர்டுகளில் வைஃபை கிடையாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த முறை பெட்டியை மாற்றும்போது இவற்றில் பலவற்றை மறுபடி வாங்க வேண்டியதில்லை. மானிட்டருக்குள்ளேயே கணினி இருக்கும் ஆல்-இன்-ஒன் வகையில் இந்த லாபம் போய்விடும். பார்க்க டெஸ்க்டாப் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பவை லேப்டாப் பாகங்கள். திரை பழுதானால் கணினியும் முடங்கும். இடம் குறைவென்றால் சின்ன மினி பிசியும் தனி மானிட்டரும் வாங்குவதே மேல்.

பின்னால் மாற்ற முடியாதவற்றில் மிச்சம் பிடிப்பது

"ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்பது இப்போது எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஆப்பிளின் இன்றைய மேக்புக்குகள் எதிலும் ரேமைக் கூட்ட முடியாது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் சால்டர் செய்த ரேம். 'சோடிம்' (கழற்றி மாட்டக்கூடிய ரேம்) என்று இருந்து, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று காட்டினால், பின்னால் கூட்ட இடமுண்டு. கூட்ட முடியாத மாடல் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். மிக மலிவான லேப்டாப்களில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி சேமிப்பு வரும். அதுவும் போர்டில் ஒட்டியதுதான், வேகமும் மிகக் குறைவு. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆயுளை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினி வாங்குவதானால் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்களான குரோம்புக்குகளுக்கு, 2021 முதல் வந்தவற்றுக்கு, 10 ஆண்டு அப்டேட் உண்டு. அந்த 10 ஆண்டும் மாடலின் அடிப்படைத் தளம் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை. டேப்லெட்டுகளில் எத்தனை ஆண்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

வாங்கியாயிற்று, சரி. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து, அதற்குள் அந்தத் தாளை எடுத்து, எழுதியிருக்கும் ஒவ்வொன்றையும் புதுக் கருவியில் செய்து பாருங்கள். பிரிண்டரை இணைத்து ஒரு பக்கமாவது அச்செடுங்கள், வீடியோ காலில் ஒருவரிடம் பேசுங்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.